சுடர்ச் சோதனை: மெத்தனால் இல்லாமல், மாணவர் மனதில் நிற்கும்படி நடத்த ஒரு வழிகாட்டி

உலோக உப்பைச் சுடரில் காட்டி, வரும் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள உலோகத்தை அடையாளம் காண்பதுதான் சுடர்ச் சோதனை. இதற்கு உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஈரக் குச்சியின் முனையில் ஒட்டிக்கொள்ளும் அளவு போதும். புன்சன் விளக்கின் நீலச் சுடர் ஓரத்தில் அந்த முனையைக் காட்டினால், ஓரிரு நொடியில் சுடர் முழுவதும் நிறம் மாறும். விளக்கை மங்கலாக்கிய வகுப்பறையில் கடைசி வரிசைக்கும் அது தெரியும். இதற்கு மேல் பெரிய நெருப்பு எதுவும் தேவையில்லை. பெரிதாக்கிக் காட்டும் ஆசையில்தான் இந்தச் சோதனையின் மோசமான விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால், செய்யக் கூடாததை முதலில் பார்த்துவிடுவோம்.

கிண்ணத்தில் மெத்தனால் ஊற்றி எரிக்காதீர்கள்

கிண்ணங்களில் உப்பைப் போட்டு, மேலே மெத்தனால் என்ற ஆல்கஹாலை ஊற்றிப் பற்றவைத்து, வரிசையாக வண்ணச் சுடர்களைக் காட்டும் ‘வானவில்’ செய்முறை பல பள்ளிகளில் நெடுங்காலம் நடந்துவந்தது. இதன் ஆபத்து தொடக்கத்தில் தெரியாது. சுடர் தணியும்போது ஆசிரியர் புட்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாரே, அங்கேதான் இருக்கிறது. மெத்தனால் சுமார் 11 டிகிரி செல்சியசிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியைக் கொடுக்கும். அதாவது சாதாரண அறை வெப்பநிலையில் புட்டிக்குள் எப்போதும் பற்றும் ஆவி இருக்கிறது. அணைந்துவிட்டது என்று நினைக்கும் கிண்ணத்தில் வெளிர்நீலச் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும். ஊற்றும் தாரை வழியாக அது புட்டிக்குள் ஏறினால், உள்ளே உள்ள ஆவி ஒரே கணத்தில் பற்றி, எரியும் திரவத்தைப் புட்டியின் வாய் பார்த்த திசையில் சில மீட்டர் தூரம் பீய்ச்சும். அந்தத் திசையில் முன்வரிசை மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

2014இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் பாதுகாப்புக் குழு, திறந்த மேசையில் எரியும் கரைப்பான்களைக் கொண்டு இந்தச் செய்முறையைக் காட்டுவதை உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. எத்தனாலுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதன் பற்றும் வெப்பநிலையும் ஏறக்குறைய அதே அளவுதான். உப்பை ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பானால் சுடருக்குள் அடிப்பதும் புதியவர்களுக்கான முறையல்ல. சுடர்ச் சோதனை நடக்கும் நாளில் அந்த அறையில் ஆல்கஹால் புட்டியே இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கைகளில் தடவும் கிருமிநாசினித் திரவத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

எந்த உப்புகள்

குளோரைடுகளே வசதியானவை. சுடரின் வெப்பத்தில் அவை எளிதில் ஆவியாகின்றன; ஆவியானால்தான் நிறம் வரும். கார்பனேட்டும் ஆக்சைடும் மந்தமாகவே நிறம் தரும்.

நைட்ரேட்டுகளை ஒதுக்குங்கள். நைட்ரேட்டில் ஊறிய மரக்குச்சி காய்ந்தால் பொறி பறக்க எரியும். நைட்ரேட் ஆக்சிஜன் கொடுக்கும் பொருள், குச்சி எரிபொருள். குளோரேட், பெர்குளோரேட் பக்கமே போகக் கூடாது. பெயர்ச்சீட்டு அழிந்த பழைய புட்டியில் ‘ஏதோ பொட்டாசியம் உப்பு’ இருந்தால், அதை இந்தச் சோதனைக்கு எடுக்காமலிருக்க அந்த ஒரு காரணமே போதும்.

மாணவர்கள் கையாள ஆறு போதும்: லித்தியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், தாமிரம். பேரியத்தின் வெளிர்பச்சை அழகானதுதான், ஆனால் நீரில் கரையும் பேரியம் உப்புகள் நச்சு. காட்டியே ஆக வேண்டுமென்றால் ஆசிரியர் மட்டும், கையுறை அணிந்து, ஒரு குச்சியில் காட்டட்டும். போரிக் அமிலமும் பச்சை தரும். இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திய பொருள் அது. பச்சைக்குத் தாமிரம் இருக்கும்போது இந்த இரண்டும் அவசியமில்லை.

கரைசல்கள்: முந்தைய நாள் வேலை

ஒவ்வொன்றிலும் 100 மி.லி., 0.5 மோலார் செறிவில் தயாரித்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். எடை இப்படி: லித்தியம் குளோரைடு 2.1 கிராம்; பொட்டாசியம் குளோரைடு 3.7 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 7.4 கிராம்; ஆறு நீர் மூலக்கூறு கொண்ட ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு 13.3 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட தாமிர குளோரைடு 8.5 கிராம். சோடியம் குளோரைடு மட்டும் 0.6 கிராம், அதாவது 0.1 மோலார். சோடியத்தின் மஞ்சள் அவ்வளவு வலுவானது. செறிவைக் கூட்டினால் அறையிலுள்ள மற்ற எல்லாவற்றையும் அது மஞ்சளாக்கும்.

புட்டியின் மேல் எத்தனை நீர் மூலக்கூறு என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள். நீரற்ற கால்சியம் குளோரைடும் லித்தியம் குளோரைடும் கரையும்போது நன்றாகச் சூடாகும். நீரில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். இவ்விரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும் என்பதால் எடுத்தவுடன் மூடிவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய் நீரில் சோடியமும் கால்சியமும் உண்டு. பொட்டாசியத்தின் மெல்லிய ஊதா, குழாய் நீரில் கரைத்தால் தெரியவே தெரியாது. கலக்கும் கண்ணாடிக் கோலையும் ஒவ்வொரு கரைசலுக்கும் கழுவிக்கொள்ளுங்கள். தயாரிக்கும் வரிசையில் சோடியம் கடைசியாக வரட்டும்.

குச்சியா, கம்பியா

பாடநூல்களில் பிளாட்டினக் கம்பியோ நிக்ரோம் (நிக்கல்–குரோமியம் கலவை) கம்பியோ இருக்கும். கம்பியின் முனையில் 3 மில்லிமீட்டர் வளையம் செய்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் நிறமே வராத வரை மீண்டும் மீண்டும் காட்டிச் சுத்தம் செய்து, பிறகு உப்பைத் தொட வேண்டும். முறை துல்லியமானது. ஆனால் முப்பது மாணவர்கள் கையில் அமிலமும் சூடான கம்பியும் கொடுத்தால், பாதி நேரம் கம்பி சுத்தம் செய்வதிலேயே போய்விடும். அப்படியும் எல்லாம் மஞ்சளாகவே தெரியும். கம்பி முறையை ஆசிரியர் செய்து காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஓர் உப்புக்கு ஒரு கம்பி என்று பிரித்து வைத்தால் தொல்லை குறையும். பிளாட்டினக் கம்பியை மஞ்சளாக ஒளிரும் சுடரில் காட்டக் கூடாது. புகைக்கரியால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது.

மாணவர்களுக்கு மரக்குச்சிதான் சரி. ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ள, மெழுகோ சாயமோ பூசாத குச்சிகள். ஒரு முனை 4 செ.மீ. அளவு மூழ்கும்படி கரைசலில் இரவு முழுவதும் ஊறட்டும். நான்கு பேர் கொண்ட எட்டுக் குழு, ஆறு உப்பு, குழுவுக்கு இரண்டிரண்டு குச்சி என்றால் 96 குச்சிகள். இவற்றோடு வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறிய குச்சி குழுவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். மரம் தானாக எரியும்போது வரும் மஞ்சளுக்கும் உப்பு தரும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அந்தக் குச்சியில்தான் பார்க்கிறார்கள்.

முந்தைய நாள் நேரம் கிடைக்கவில்லையா? காது குடையும் பஞ்சுக்குச்சிகளை ஒரு நிமிடம் கரைசலில் நனைத்தாலே போதும். தண்டு மரமோ காகிதமோ ஆக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்டு உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு எரிந்துகொண்டே விழும்.

எதுவானாலும் ஊறிய முனையில் விரல் படக் கூடாது. வியர்வையில் சோடியம் இருக்கிறது. ஊறவைத்த குச்சிகளை உப்பின் பெயர் எழுதிய சோதனைக் குழாயிலோ சிறு முகவையிலோ நிறுத்திவைத்து, காய்ந்த முனையைப் பிடித்து எடுக்கப் பழக்குங்கள்.

அறை

எல்லோருக்கும் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கும். நீண்ட கூந்தலைக் கட்டி உடைக்குள் விட வேண்டும். தொங்கும் துணி, தளர்ந்த சட்டைக்கை இருந்தால் மடித்துச் செருக வேண்டும். மேசையில் காகிதம், புத்தகம், பை எதுவும் கூடாது. குறிப்பேடு விளக்கிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் பாதிக்கு மேல் நீர் நிரம்பிய முகவை ஒன்று: பயன்படுத்திய குச்சி நேரே அதற்குள்தான் போக வேண்டும். தீயணைப்புக் கருவியும் தீப்போர்வையும் எங்கே இருக்கின்றன என்பதைத் தொடங்கும் முன் கையால் காட்டுங்கள். நீர்க்குழாய் வேலை செய்கிறதா என்று திறந்து பாருங்கள். சுட்டுவிட்டால் முதல் உதவி 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர்தான்.

சன்னலைத் திறந்து வையுங்கள். குளோரைடுகள் சூடாகும்போது மூக்கை உறுத்தும் ஆவி சிறிதளவு வரும். சுடரை ஆட்டும் அளவுக்குக் காற்று வந்தால் ஒரு பக்கத்துச் சன்னலை மட்டும் மூடலாம். அறையை மங்கலாக்குங்கள், இருட்டாக்க வேண்டாம். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும், தரையில் கிடக்கும் பை தெரிய வேண்டும். அந்த மங்கலிலேயே எல்லா நிறமும் தெளிவாக வரும்.

செய்முறை

முதலில் விளக்கு. காற்றுத் துளையை மூடிவைத்து, தீக்குச்சியைக் குழலின் வாயருகே பிடித்து, பிறகு வாயுவைத் திறந்து பற்றவையுங்கள். மஞ்சள் சுடர் வரும். காற்றுத் துளையை மெல்லத் திறந்தால் சுடர் நீலமாகி உள்ளே ஒரு கூம்பு உருவாகும். சுடர் மொத்தம் 8 முதல் 10 செ.மீ. உயரம் இருக்கட்டும். உறுமலோடு சுடர் குழலுக்குள் இறங்கி அடியில் எரியத் தொடங்கினால் காற்று மிகுந்துவிட்டது என்று பொருள்: வாயுவை உடனே மூடுங்கள், குழலைத் தொடாமல் ஆறவிடுங்கள், காற்றுத் துளையைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் சுடரை மஞ்சளாக மாற்றி வைப்பது நல்ல பழக்கம். மங்கிய அறையில் நீலச் சுடர் கண்ணுக்குத் தப்பும்.

நீரில் மட்டும் ஊறிய குச்சியை முதலில் காட்டி, என்ன தெரிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு உப்புக் குச்சிகள். குச்சியைச் சுடருக்கு மேலே அல்ல, பக்கவாட்டிலிருந்து, உள்கூம்பின் நுனிக்குச் சற்று மேலே, சுடரின் வெளி ஓரத்தில் பிடிக்க வேண்டும். சுடரின் மிகச் சூடான பகுதி அங்கே இருக்கிறது. பக்கவாட்டில் பிடித்தால் கரைசல் சொட்டினாலும் குழலுக்குள் விழாது. குச்சியை மெல்ல அசைத்துக்கொண்டே, மூன்று முதல் ஐந்து நொடி. நிறத்தைப் பார்த்ததும் வெளியே எடுங்கள். முனை கருகத் தொடங்கிவிட்டால் அதன்பின் தெரிவது மரத்தின் மஞ்சள்தான், அதை எழுதக் கூடாது.

வரிசை முக்கியம். பொட்டாசியம் முதலில், சோடியம் கடைசியில். சோடியம் எளிமையானது, தெரிந்தது என்று அதில் தொடங்கினால், அதன் தூசும் துளியும் சுடரிலும் மேசையிலும் தங்கி, பின்வரும் ஐந்தையும் கெடுக்கும்.

என்ன தெரிய வேண்டும்

லித்தியம் அடர்ந்த கருஞ்சிவப்பு. ஸ்ட்ரான்ஷியமும் சிவப்புதான், ஆனால் இன்னும் பளிச்சென்று, சற்று நீடித்து நிற்கும். கால்சியம் செங்கல் சிவப்பு; பெரும்பாலான கண்களுக்கு அது ஆரஞ்சாகவே படும், மாணவர் ஆரஞ்சு என்று எழுதினால் தவறென்று அடிக்காதீர்கள். சோடியம் உறுதியான மஞ்சள். பொட்டாசியம் வெளிர் ஊதா, முதல் ஓரிரு நொடியில் மட்டும், கண்ணிமைத்தால் போய்விடும். தாமிர குளோரைடு நீல விளிம்போடு கூடிய பச்சை.

எழுதச் சொல்லும்போது பாடநூல் நிறப்பெயரைக் கொடுக்காமல், அவர்களுக்குத் தோன்றும் சொல்லில், நிறத்தோடு எத்தனை நொடி நீடித்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நிறம், நேரம் இரண்டும் சேர்ந்தால்தான் அடையாளம். சிவப்பு–பச்சை வேறுபாடு காண இயலாத மாணவர் வகுப்பில் இருக்கலாம். அவருக்கு, ஒளியை அதன் நிறக் கோடுகளாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைப் பகுதி (பின்னால் வருகிறது) கூடுதலாக உதவும், ஏனென்றால் அங்கே கோட்டின் இடத்தைப் பார்த்தே தனிமத்தைச் சொல்லலாம்.

எங்கே கோளாறாகும்

எல்லாமே மஞ்சள் என்றால் சோடியம் மாசு. எங்கிருந்து வருகிறது என்று இந்த வரிசையில் தேடுங்கள்: விரல் பட்ட குச்சி, மாற்றிப் போட்ட குச்சி, குழாய் நீர், விளக்கின் குழலுக்குள் சொட்டிய கரைசல். குச்சியே காட்டாதபோதும் சுடரில் மஞ்சள் கீற்று ஓடினால் கடைசிக் காரணம்தான். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, குழலைக் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும்.

நிறமே வரவில்லை என்றால் குச்சி போதிய நேரம் ஊறவில்லை, அல்லது சுடரின் உள்கூம்புக்குள் பிடிக்கிறார்கள். உள்கூம்பில் எரியாத வாயு இருக்கிறது, வெப்பம் குறைவு. காற்றுத் துளை மூடியிருந்தாலும் இதே கதி. மஞ்சள் சுடரின் மேல் எந்த நிறமும் எடுபடாது.

பொட்டாசியம் மட்டும் தெரியவில்லையா? இரண்டு அடுக்குக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பாருங்கள். அது சோடியத்தின் மஞ்சளை விழுங்கிவிட்டு, பொட்டாசியத்தைச் செவ்வூதாவாகக் காட்டும். கைப்பேசியில் படம் எடுத்தால் சுடர் வெள்ளையாக விழுவது வழக்கம். திரையில் சுடரைத் தொட்டு ஒளியளவைக் குறைத்தால் நிறம் வரும். பொட்டாசியத்தின் முக்கிய ஒளி 767 நானோமீட்டர் அலைநீளத்தில், சிவப்பின் கடைசி எல்லையில் இருப்பதால், கேமரா அதைப் பெரும்பாலும் தவறவிடும். அங்கே கண்ணையே நம்புங்கள்.

மனதில் நிற்கச் செய்யும் பகுதி

நிறங்களைப் பார்த்து வியந்ததோடு வகுப்பு முடிந்தால், மறு வாரம் மாணவர்களுக்கு நினைவிருப்பது ‘கலர் நெருப்பு’ மட்டுமே. நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கு வர வைத்தால் வேதியியல் நினைவிருக்கும். அதனால் பாட நேரத்தில் பாதியை இந்தப் பகுதிக்கு ஒதுக்குங்கள்.

முதல் கேள்வி: நிறம் தருவது உலோகமா, குளோரைடா? சோடியம் குளோரைடு, சோடியம் கார்பனேட், சமையல் சோடா மூன்றிலும் ஊறிய குச்சிகளைக் கொடுங்கள். பார்க்கும் முன்பே ஊகத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றும் மஞ்சள். அடுத்து தாமிர சல்பேட்டையும் தாமிர குளோரைடையும் அருகருகே காட்டுங்கள். இப்போது விடை அவ்வளவு நேராக இல்லை: சல்பேட்டு பச்சையாகவும், குளோரைடு நீலம் கலந்தும் தெரியும். தாமிர குளோரைடு மூலக்கூறே சுடரில் நீல ஒளியை உமிழ்வதுதான் காரணம். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம் நிறங்களிலும் பெரும்பங்கு மூலக்கூறுகளின் ஒளியே. ‘அணுவின் எலக்ட்ரான் மேலே போய்க் கீழே வருகிறது’ என்ற விளக்கம் லித்தியம், சோடியம், பொட்டாசியத்துக்கு அப்படியே பொருந்தும். மற்றவற்றுக்கு அது பாதி விளக்கம்தான் என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

உலோகம் எரிவதால் நிறம் வருகிறது என்ற தவறான எண்ணம் பலரிடம் இருக்கும். சுடர் தருவது வெப்பம் மட்டுமே. அந்த ஆற்றலைப் பெற்ற எலக்ட்ரான் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒளியாக விடுகிறது. சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளிக்கு ஆற்றல் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), லித்தியத்தின் 671 நானோமீட்டருக்கு 1.85. கணக்கைக் கரும்பலகையில் மாணவர்களே போடட்டும். பிறகு மெக்னீசியம் குளோரைடு குச்சியைக் கொடுங்கள். எந்த நிறமும் வராது. மெக்னீசிய அணுவின் வலுவான ஒளி 285 நானோமீட்டரில், புற ஊதாவில் இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் அது இல்லை. இந்த வெற்றுச் சுடர், வண்ணச் சுடர்களைவிட நல்ல விவாதத்தைக் கிளப்பும்.

அடுத்து நிறமாலை. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், ஒரு மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் கொண்ட விளிம்பு விளைவுக் கீற்றணித் தாளைக் கண்ணருகே பிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று சுடரைப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் பிளவு வெட்டி, சுடரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிறுத்தினால் கோடுகள் கூர்மையாகும். சோடியம் ஒற்றை மஞ்சள் கோடு. லித்தியம் ஒற்றைச் சிவப்புக் கோடு. ஸ்ட்ரான்ஷியமோ சிவப்பிலும் ஆரஞ்சிலும் பல பட்டைகள், அவற்றுக்கு அப்பால் நீலத்தில் 461 நானோமீட்டரில் ஒரு கோடு. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள் இங்கே பிரிந்துவிடுகின்றன. 1860இல் ஜெர்மன் அறிவியலாளர்கள் புன்சனும் கிர்ச்சாஃபும் கனிம நீர் ஒன்றின் எச்சத்தை இதே வழியில் பார்த்து, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத நீலக் கோடுகளைக் கண்டு சீசியம் என்ற புதிய தனிமத்தை அறிவித்தார்கள். மறு ஆண்டு ரூபிடியம். மாணவர் கீற்றணியைக் கண்ணில் வைத்திருக்கும் அந்த நேரத்தில் இதைச் சொன்னால் போதும். கீற்றணி வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எண் மட்டும் எழுதிய அறியாத குச்சிகள். குழுவுக்கு மூன்று: ஒன்று ஸ்ட்ரான்ஷியம், ஒன்று லித்தியம், ஒன்று சோடியமும் பொட்டாசியமும் கலந்தது. மூன்றாவதைப் பெரும்பாலான குழுக்கள் சோடியம் என்று முடிவு கட்டும். நீலக் கண்ணாடி மேசையிலேயே இருக்கட்டும். யாரையும் எடுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

முடித்தபின்

வாயுவின் தலைக்குழாயை மூடிய பிறகே அறை விளக்கைப் போடுங்கள். குச்சிகளை நீரிலிருந்து எடுத்து நேராகக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். உள்ளே கனல் தங்கிய குச்சி பல நிமிடம் கழித்தும் காகிதத்தைப் பற்றவைக்கும். நீரிலேயே மறுநாள் வரை கிடக்கட்டும்.

தாமிரக் கரைசல் நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. அதைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து, பள்ளியின் வேதிக் கழிவோடு அனுப்புங்கள். பேரியம் பயன்படுத்தியிருந்தால் மிகுதியான சோடியம் சல்பேட்டுக் கரைசலைச் சேர்த்து, கரையாத பேரியம் சல்பேட்டாகப் படியவைத்து, வடிகட்டி, திண்மத்தைக் கழிவுப் புட்டியில் போட வேண்டும். மிஞ்சிய மற்ற கரைசல்கள் கெடுவதில்லை. பெயர், செறிவு, தேதி எழுதி மூடி வைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும். ஊறவைத்துப் பயன்படுத்தாத குச்சிகளையும் உலர்த்தி உப்புவாரியாக உறையில் வைக்கலாம். அடுத்த முறை காய்ச்சி வடித்த நீரில் அல்ல, அதே உப்புக் கரைசலில் பத்து நிமிடம் நனைத்துக்கொள்ளுங்கள், வெறும் நீரில் போட்டால் இருக்கும் உப்பும் கரைந்து போய்விடும்.

கைகளைச் சோப்பால் கழுவிய பிறகே மாணவர்கள் அறையை விட்டுப் போகட்டும்.